இருபதுக்குப் பதினெட்டு

உக்காருங்க சார், உக்காருங்க. அந்த நாற்காலிக்கு யாரும் வரமாட்டாங்க. முன்னாடியெல்லாம் ஒருத்தன் வருவான், இப்ப வர்றதில்ல. பர்த்டே கேக்கா? பேர் எழுதிட்டிருக்காங்களா? அப்ப அரை மணி நேரம் ஆகும். இந்தக் கடையில எழுதறவர் ஒரே ஆளுதான், அவர் ஒரு 'ழ' போடறதுக்குப் பத்து நிமிஷம் எடுத்துப்பார். உங்க பொண்ணு பேர் என்ன, யாழினியா? போச்சு. நிதானமா உக்காருங்க.

அதுவரைக்கும் சாப்பிட ஒரு கப்கேக் வாங்கினீங்களா, நல்லது. ஐயய்யோ, அப்படியே கடிக்காதீங்க சார். காகிதத்தை மொதல்ல உரிங்க. மெதுவா, ஒரு பக்கமா. பாத்தீங்களா, பாதி கேக் காகிதத்தோட போயிடுச்சு. நாலுக்கு ஒண்ணு. அதுக்கு மேல போடமாட்டேன்.

மார்க் சார், மார்க். எம் பேரு மார்க்கபந்து. விரிஞ்சிபுரம் சாமி பேரு. ஆபீஸ்ல எல்லாரும் மார்க் பந்து, மார்க் பந்துன்னே கூப்பிடுவாங்க. பொருத்தம்தான். ஏன்னா நான் வேலை பாத்தது பரீட்சை ஆபீஸ்ல, மார்க் ஷீட் செக்‌ஷன். முப்பத்துநாலு வருஷம் சார். யாரோ ஒரு வாத்தியார் போட்ட மார்க்கை நான் சரிபாத்து அனுப்பணும். எத்தனை லட்சம் மார்க் என் கை வழியாப் போயிருக்கும்! ஆனா ஆபீஸ்ல நானாப் போட்ட மார்க்னு ஒண்ணு கிடையாது. வீட்டுச் சமையலுக்கு மட்டும்தான் போட்டுக்கிட்டிருந்தேன், ரிட்டயர் ஆன மறுநாள்லேருந்து எல்லாத்துக்கும் ஆரம்பிச்சேன். சாம்பாருக்குப் போடுவேன், கல்யாணத்துக்குப் போடுவேன், பஸ் டிரைவருக்குக்கூடப் போடுவேன். மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவேன். மனசுல ஒண்ணு வாயில ஒண்ணு நமக்கு வராது. நியாயமாப் பேசறவன் சார் நான்.

அதனாலதான் சொல்றேன், எனக்கு நடந்தது துரோகம். ரெண்டு பேர் சேந்து பண்ணாங்க. ஒருத்தன் இருபத்தேழு வருஷ சிநேகிதன். இன்னொருத்தி நான் தாலி கட்டின பொண்டாட்டி. வெளியில யார்கிட்டயும் சொல்லலை. நீங்க யாரோ எவரோ, உங்ககிட்ட சொன்னா தப்பில்ல. நீங்களே கேட்டுட்டு நியாயம் சொல்லுங்க.

எனக்குக் கேக்னா உசிரு சார். டீக்கடை கண்ணாடி ஜாடியில இருக்குமே சதுரக் கேக்கு, அதுலேருந்து ஆரம்பிச்சவன். மெட்ராஸ்ல நான் ஏறாத பேக்கரிப் படி கிடையாது. இப்ப பத்து வருஷமா இந்தக் கப்கேக் வந்துடுச்சு. தெருவுக்குத் தெரு கண்ணாடிக் கதவு போட்டுக் கடை. எல்லாத்தையும் ஒரு கை பாத்துடணும்னு முடிவு பண்ணேன். பெரம்பூர்ல நம்ம வீடு. 29C பஸ் ஏறினா பெசன்ட் நகர் வரைக்கும் வழியெல்லாம் கடைதான். வாராவாரம் புதன்கிழமை ஒரு கடை. ஒரு நோட்டுப் போட்டேன். இருபது மார்க். காகிதம் உரியறதுக்கு நாலு, பஞ்சு மாதிரி இருக்கான்னு நாலு, க்ரீமுக்கு நாலு, அப்புறம் வாசனை, இனிப்பு. பதினெட்டுக்கு மேல போடறதில்லைன்னு வச்சிருந்தேன். அதுக்கு மேல போட்டா தலைக்கனம் வந்துடும்.

சுகர் இருக்கான்னு பாக்கறீங்க. உங்க பார்வையே சொல்லுதே. இருக்கு சார். யாருக்குத்தான் இல்ல? டாக்டர் டெஸ்டுக்கு எழுதிக் குடுத்தா மூணு நாள் முன்னாடியே எல்லாத்தையும் நிறுத்திடுவேன். வெந்தயத் தண்ணி, பாவக்காய் ஜூஸ், கோதுமைக் கஞ்சி. ரிசல்ட் ஜம்முனு வரும். பரீட்சை ஆபீஸ்காரனுக்குப் பரீட்சைக்கு எப்படித் தயாராகணும்னு யாராவது சொல்லித் தரணுமா? நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. அப்புறம் எவனோ ஒரு புது டெஸ்ட் கண்டுபிடிச்சான். மூணு மாசம் நீ என்னென்ன தின்னேன்னு ரத்தமே சொல்லிடுமாம். சொந்த ரத்தமே காட்டிக் குடுத்தா மனுஷன் என்னதான் பண்ணுவான்? அன்னிலேருந்து வீட்ல சக்கரை டப்பா பரண் மேல போயிடுச்சு. சுலோச்சனா, அதான் என் சம்சாரம், கேக்ங்கற வார்த்தையையே வீட்ல சொல்லக்கூடாதுன்னுட்டா.

அதனால புதன்கிழமை பென்ஷனர் சங்கக் கூட்டம்னு சொல்லிட்டுப் போவேன். பொய்யில்ல சார் அது. நானும் பென்ஷனர், ஞானமும் பென்ஷனர். ரெண்டு பென்ஷனர் ஒரு மேசையில உக்காந்தா அது கூட்டம்தானே?

ஞானப்பிரகாசம். ஞானம்னு கூப்பிடுவேன். என் செக்‌ஷன்லயே பக்கத்து நாற்காலி. இப்பவும் பக்கத்துத் தெரு. நான் எங்க கூப்பிட்டாலும் வருவான். ஒரு கப்கேக் வாங்கி ரெண்டாப் பிரிச்சுப்போம். கத்தி என் கையிலதான் இருக்கும். க்ரீம் இருக்கற பக்கம் எனக்கு, ஏன்னா மார்க் போடறவன் நானு. அவன் அடிப்பக்கத்தைத் தின்னுட்டு, "நல்லாருக்கு பந்து"ம்பான். எதைக் குடுத்தாலும் நல்லாருக்கும்பான். நாக்கே கிடையாது அவனுக்கு. ஆனா தங்கமான பையன்னு நெனச்சேன். அதான் நான் பண்ண தப்பு.

போன சித்திரையில அண்ணா நகர்ல ஒரு கடை. பதினோரு மார்க் கடை. மாடியில இருந்துச்சு. சாப்பிட்டு இறங்கறப்ப படியில கண்ணு லேசா மங்கினுச்சு. அப்படியே உக்காந்துட்டேன். வெயில் சார். சித்திரை வெயில்ல யாருக்கும் மங்கும். ஞானம் மூஞ்சி வெளுத்துப் போச்சு. மயக்கம் வந்தது எனக்கு, அவனுக்கு எதுக்கு வெளுக்கணும்? சட்டையெல்லாம் நனைஞ்சுபோச்சுடா பந்து, கையெல்லாம் சில்லுனு இருக்குடான்னு என் கையைத் தேச்சுக்கிட்டே இருந்தான். ஆட்டோ வச்சு வீட்டுக்கு வந்தோம். சுலோச்சனாகிட்ட மூச்சு விடாதடான்னு சத்தியம் வாங்கினேன். வேளாங்கண்ணி மாதா மேல சத்தியம் பண்ணான் சார். மாதா மேல!

அன்னிக்குச் சாயந்திரமே போய்ச் சொல்லிட்டான். நான் தூங்கிட்டிருந்தேன். அவன் வந்து அடுப்படி வாசல்ல நின்னு எல்லாத்தையும் கக்கிட்டுப் போயிருக்கான். இது எனக்கு அப்பத் தெரியாது. ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது.

அடுத்த புதன்கிழமைலேருந்து பாருங்க, பையனுக்கு என் மேல திடீர் அக்கறை. கடைக்குள்ள போனதும், "நீ உக்காரு பந்து, முழங்கால் வலிக்கும், நான் போய் வாங்கிட்டு வரேன்"பான். கௌண்டர் பக்கம் போவான், தட்டோட வருவான். "எனக்கு இனிப்பு வேணாம்டா, நீ முழுசும் சாப்பிடு"ம்பான். ரெண்டு டீ, சக்கரை இல்லாம. நான் என்ன நெனச்சேன்? ஒருத்தன் தனக்கு வச்சுக்காம சிநேகிதனுக்குக் குடுக்கறானே, இந்தக் காலத்துல இப்படி ஒருத்தனான்னு நெனச்சேன். கண்ணு கலங்கினுச்சு சார். இப்ப நெனச்சா அந்தக் கண்ணீரைத் திருப்பி வாங்கிக்கலாம் போல இருக்கு.

மொத வாரம் வந்தது கறுப்பா, கொஞ்சம் தட்டையா இருந்துச்சு. மேல க்ரீம். பதினொண்ணு போட்டேன். க்ரீம் தண்ணியா இருக்கு, மாவு தொண்டையில நிக்குதுன்னு சொன்னேன். அடுத்த வாரம் வேற கடை, புரசைவாக்கம். க்ரீம் கெட்டியா வருது சார்! பதிமூணு. வாசனை போதலைன்னு சொன்னேன். அதுக்கடுத்த வாரம் அடையாறு. ஏலக்காய் வருது! பதினஞ்சு. நான் ஞானத்துகிட்ட சொன்னேன், "பாத்தியாடா, மெட்ராஸ்ல எல்லா பேக்கரியும் ஒரே நேரத்துல முன்னேறிட்டிருக்கு. நாம ஒரு கடையில சொல்ற குறை அடுத்த கடைக்காரன் காதுல விழுதுபோல." அவன் டீ டம்ளருக்குள்ள மூஞ்சியை வச்சுக்கிட்டு ஆமாம் ஆமாம்னான்.

காகிதத்தைப் பத்திச் சொல்லணும். மத்தக் கடையில நீங்க இப்பப் பாத்தீங்களே, ஒட்டிக்கிட்டு வரும். இது அப்படியில்ல. தொட்டாக் கழண்டு வந்துடும், வேட்டி மாதிரி. நாலுக்கு நாலு. திருப்பிப் பாத்தா அடியில குட்டிக் குட்டியா அஞ்சு புள்ளி, நடுவுல ஒண்ணு, சுத்தி நாலு. நான் ஞானத்துக்கு விளக்கினேன். "இது சாதாரண அச்சு இல்லடா, பிரான்ஸ் அச்சு. அங்கதான் அடியில புள்ளி வச்சு வார்ப்பாங்க, ஆவி போறதுக்கு." கறுப்பு நிறத்துக்குக் காரணம் பெல்ஜியம் சாக்லேட்னு அடிச்சுச் சொன்னேன். லேசா ஒரு கருகல் இனிப்பு இருந்துச்சு, அது காரமெல். எல்லாத்தையும் நோட்டுல எழுதினேன். அவன் எல்லாத்துக்கும் தலையாட்டினான். ஒரு மனுஷன் கிணத்துப் பக்கம் நடக்கறான்னு தெரிஞ்சும் தலையாட்டறவன் சிநேகிதனா சார்?

ஐப்பசியில ஒரு புதன்கிழமை, நுங்கம்பாக்கம். வெளியில நல்ல மழை. அந்தக் கப்கேக்கை வாயில வச்சேன். எப்படிச் சொல்றது? கரையுது, ஆனா காணாமப் போகலை. இனிக்குது, ஆனா திகட்டலை. நெய் வாசனை ஒண்ணு கடைசியில வந்து எட்டிப் பாத்துட்டுப் போச்சு. நான் பேச்சை நிறுத்திட்டேன். ஞானம் பயந்துபோய் என்னடா பண்ணுதுங்கறான். நோட்டை எடுத்துப் பதினெட்டுன்னு எழுதினேன். எழுதிட்டுச் சொன்னேன், "இதைச் செஞ்ச கை யாரோடதுடா? அந்தக் கையை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கணும் போல இருக்குடா." அவன் எந்திரிச்சு முகம் கழுவப் போயிட்டான். கால் மணி நேரம் வரலை. வயித்துக்கோளாறுன்னு நெனச்சேன்.

அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சு ஞானத்தோட பொண்ணு தாம்பரத்துல பிரசவிச்சா. அவன் அங்க போயிட்டான். நான் தனியாவே கிளம்பினேன். எங்க போவேன்? நுங்கம்பாக்கம்தான். கௌண்டர்ல ஒரு பொண்ணு, மணிப்பூரோ மிசோரமோ, தமிழ் நம்மளைவிடச் சுத்தமாப் பேசுது. அடியில புள்ளி வச்ச கறுப்புக் கப்கேக் ஒண்ணு குடும்மான்னேன். அப்படி எங்ககிட்ட இல்லையே அங்கிள்னா. இல்லைன்னா எப்படி, ரெண்டு வாரம் முன்னாடி இதே மேசையில சாப்பிட்டேனேன்னேன். இல்லவே இல்லைங்குது. எனக்குக் கோவம் வந்துடுச்சு. நல்ல சரக்கை நிறுத்திட்டு இல்லைன்னு சாதிக்கறீங்களா, பதினெட்டு மார்க் சரக்கை நிறுத்த யார் சொன்னான்னு சத்தம் போட்டேன். கடையே திரும்பிப் பாக்குது.

அந்தப் பொண்ணு என் பக்கத்துல வந்து மெதுவாச் சொல்லுச்சு. "அங்கிள், நீங்க ஃப்ரெண்டோட வருவீங்கல்ல? அவர் இங்க டீ மட்டும்தான் வாங்குவார். கேக் அவரே டப்பாவுல கொண்டு வருவார். வெறும் காகிதக் கப் மட்டும் எங்ககிட்ட கேட்டு வாங்கி, அதுல வச்சு எடுத்துட்டுப் போவார். உங்களுக்கு உடம்பு சரியில்ல, டாக்டர் சொன்ன கேக்குன்னு சொன்னார். மேனேஜர் சரின்னுட்டார்."

சார், எனக்கு எப்படி இருந்திருக்கும்? அந்த ஏசி குளிர்ல எனக்கு வேர்த்துச்சு. நேரா அடையாறு போனேன். அங்கயும் அதே கதை. பெரியவரே, நாங்க டீ குடுத்தோம், அவ்வளவுதாங்கறான். புரசைவாக்கம் போகலை. போய் என்ன பண்றது? ஆறு மாசம் மெட்ராஸ் முழுக்க ஒருத்தன் என்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய், கடைக்குக் கடை உக்கார வச்சு, ஒரே கேக்கைத் தின்ன வச்சிருக்கான். நான் அதுக்கு விதவிதமா மார்க் போட்டிருக்கேன்.

வீட்டுக்கு வந்தேன். பஸ்ல வர்றப்ப டப்பா யார் குடுத்ததுன்னு யோசிச்சேன். ஞானம் பொண்ணு செஞ்சிருக்கும்னுதான் நெனச்சேன். சுலோச்சனா ஞாபகமே வரலை. ஏன்னா அவளுக்குக் கேக் வராது சார். பொண்ணோட பத்தாவது பொறந்தநாளுக்கு ஒரு தடவை செஞ்சா. வந்தவங்க எல்லாரும் நல்லாருக்கு நல்லாருக்குன்னு வாயில பொய்யை வச்சுக்கிட்டு நின்னாங்க. நான் மட்டும் உண்மையைச் சொன்னேன். இருபதுக்கு ரெண்டு, அந்த ரெண்டும் மேல எழுதின கையெழுத்துக்குன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா. அதுக்கப்புறம் அவ கேக் செய்யவே இல்ல. சரி, நாம சொன்னதை ஒத்துக்கிட்டா, பெரிய மனசுதான்னு விட்டுட்டேன்.

அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு இட்லி. மூணு இட்லி வச்சா. எனக்குச் சாப்பிடப் பிடிக்கலை. சும்மா ஒண்ணைத் திருப்பிப் போட்டேன். அடியில அஞ்சு புள்ளி. நடுவுல ஒண்ணு, சுத்தி நாலு.

ரெண்டாவது இட்லியைத் திருப்பினேன். அஞ்சு புள்ளி. மூணாவதையும் திருப்பினேன். தலையைத் தூக்கிப் பாத்தா அவ சட்னிக் கிண்ணத்தோட நிக்கறா. மூஞ்சியில ஈயாடலை. "யாருங்க சொன்னா?"ன்னு கேக்கறா. இட்லி சொல்லுச்சுடின்னேன்.

பெல்ஜியம் சாக்லேட்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல சார். ராகி. கேவுரு மாவு. காரமெல்னு எழுதினேனே, பேரீச்சம்பழம். சக்கரை ஒரு சிட்டிகை கிடையாது. இட்லித் தட்டுல நெய்யைத் தடவி மாவை ஊத்தி, குண்டான் அடியில தண்ணிக்குப் பதிலா கல்லுப்பைக் கொட்டி, மூடி வச்சுச் சுட்டிருக்கா. பிரான்ஸ் அச்சு! காகிதம் எப்படி ஒட்டும், அது காகிதத்துல வெந்தாத்தானே? காலையில நான் வாக்கிங் போற ஒரு மணி நேரத்துல எல்லாம் முடிச்சுடுவா. நான் திரும்பி வர்றப்ப வீடெல்லாம் சாம்பிராணிப் புகை. புதன்கிழமையானா என்னடா இவளுக்கு இவ்வளவு பக்தின்னு நெனச்சுப்பேன். ஞானம் பின்பக்கமா வந்து டப்பாவை வாங்கிட்டுப் போவான். ராத்திரி போன் பண்ணி நான் சொன்ன குறையெல்லாம் ஒண்ணு விடாம ஒப்பிப்பான். அவ எழுதி வச்சுக்குவா. அவளும் ஒரு நோட்டுப் போட்டிருக்கா சார்! என் வீட்ல, எனக்கு எதிரா, ஒரு நோட்டு!

நான் கத்தின கத்துல கீழ்வீட்டுக்காரங்க கதவைத் திறந்தாங்க. ஏண்டி, என் நாக்கை வச்சு விளையாடினீங்களா ரெண்டு பேரும்? நான் என்ன குழந்தையா? ஊர் முழுக்க என்னைக் கோமாளியாக்கிட்டீங்களேன்னேன். அவ அழலை. கிண்ணத்தைக் கீழ வச்சா.

"உங்க நாக்கை வச்சு நான் விளையாடலைங்க. முப்பத்திரண்டு வருஷமா உங்க நாக்குக்குப் பயந்துதான் சமைக்கறேன். என் பேரைச் சொல்லி எதை வச்சாலும் நீங்க அஞ்சுக்கு மேல போட்டதில்ல. கடைப் பேர்ல வச்சேன், பதினெட்டுப் போட்டீங்க. ஞானம் அண்ணன் போன்ல சொன்னப்ப நம்பவே முடியலை. அந்தக் கையைக் கண்ணுல ஒத்திக்கணும்னு சொன்னீங்களாமே?"

அப்படின்னு கையை நீட்டிக்கிட்டு நிக்கறா சார். நான் என்ன பண்றது? எந்திரிச்சுக் கை கழுவப் போயிட்டேன். பின்ன? என்னை ஏமாத்திட்டு என்கிட்டயே கையை நீட்டினா?

ஞானத்தை மறுநாள் போன்ல பிடிச்சேன். மாதா மேல சத்தியம் பண்ணியேடான்னேன். "மாதா மன்னிச்சுடுவாங்க பந்து, நீ படியில விழுந்து செத்திருந்தா தங்கச்சி என்னை மன்னிச்சிருக்காது"ங்கறான். வசனம் பேசறான். இன்னொண்ணும் சொன்னான். பதினெட்டுன்னு சொன்ன அன்னிக்கு அவ போன்லயே அழுதுட்டாளாம். அழுதாளாம்! ஏமாத்தினவ எதுக்கு சார் அழணும்? ஏமாந்தவன் நானில்ல அழணும்?

இன்னொரு விஷயம், இதை வேணும்னா நீங்க கேலி பண்ணலாம். அந்த மூணு மாச டெஸ்ட் எடுத்தேன். நல்லா இறங்கியிருக்கு. டாக்டர் என் முதுகைத் தட்டிக் குடுத்து உங்க மனஉறுதியைப் பாராட்டறேன்னார். யாரோ எழுதின பரீட்சைக்கு நான் பாஸ் ஆகியிருக்கேன். அந்த அவமானத்தைச் சொல்லுங்க.

இருபத்தோரு நாளாச்சு சார், பேச்சு வார்த்தை இல்ல. சாப்பாடு வைக்கறா, சாப்பிடறேன். அவ்வளவுதான். அவ இப்ப என்ன பண்றா தெரியுமா? ஆர்டர் எடுக்கறா. ஞானம் பேரனுக்கு ஞானஸ்நானத்துக்கு நாப்பது கப்கேக் செஞ்சு குடுத்திருக்கா, சக்கரை போட்டு. அதைத் தின்னவங்க கேக்கறாங்களாம். எங்க அபார்ட்மெண்ட் நோட்டீஸ் போர்டுல சீட்டு ஒட்டியிருக்கா, 'சுலோச்சனா கப்கேக்ஸ்'னு போன் நம்பரோட. நான் லிஃப்டுக்கு நிக்கறப்பெல்லாம் அது என்னைப் பாத்துக்கிட்டு நிக்குது. வீட்ல ஒரே வெண்ணெய் வாசனை. வர்றவங்க போறவங்க எல்லாரும் சாப்பிடறாங்க, வாட்ச்மேன் சாப்பிடறார். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை, வேணுமா வேணாமான்னு.

நானும் ரோஷக்காரன். தனியாவே கடை கடையா வந்துட்டிருக்கேன். ஒன்பது கடை பாத்துட்டேன். ஏழுக்கு மேல ஒண்ணும் தேறலை சார். எதை வாயில வச்சாலும் வெறும் சக்கரை. பல்லுல படுது, அப்புறம் ஒண்ணுமில்ல. இதோ இந்தக் கடையில முன்னாடி பன்னெண்டு போட்டிருக்கேன், என் கையெழுத்துதான். இன்னிக்கு ஒரு வாய் வச்சேன், அப்படியே தள்ளி வச்சுட்டேன். அந்தத் தட்டு என்னோடதுதான். என் நாக்கையே கெடுத்து வச்சுட்டாங்க ரெண்டு பேரும்.

சார், ஒரு உதவி பண்றீங்களா? முடியாதுன்னா பரவால்ல. உங்க போன்லேருந்து ஒரு போன். நம்பர் நான் சொல்றேன், மனப்பாடம்தான். ராகி கப்கேக் ஆறு வேணும்னு கேளுங்க. வீட்ல ஒருத்தருக்கு சுகர்னு சொல்லுங்க. எம் பேரு மட்டும் வேணாம். வாங்கினதும் ரெண்டு நாள் கழிச்சு ஒரு தடவை போன் பண்ணி, ரொம்ப நல்லாருந்துச்சும்மான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. வெளியாள் சொன்னா அவளுக்கு ஒரு திருப்தியா இருக்கும். நானே சொல்லலாமேங்கறீங்களா? அது எப்படி சார்? ஏமாந்தவன் போய் ஏமாத்தினவகிட்ட நல்லாருந்துச்சுன்னு சொன்னா, நாளைக்கு என்ன மரியாதை இருக்கும்?

போடறீங்களா? நல்ல மனசு சார் உங்களுக்கு. ஸ்பீக்கர்ல வைங்க. நான் மூச்சுக்கூட விடமாட்டேன். ரிங் போகுது. சத்தம் கொஞ்சம் கூட்டுங்க. ஷ்ஷ், எடுத்துட்டா.

வச்சுட்டாளா?

கேட்டீங்கல்ல சார்? உங்க காதாலயே கேட்டீங்கல்ல? சாக்லேட் இருக்காம், வெனிலா இருக்காம், பாதாம் இருக்காம். "ராகி மட்டும் விக்கறதில்லைங்க, அது எங்க வீட்டுக்காரருக்குன்னு செய்யறது"ன்னு எவ்வளவு நிதானமாச் சொல்றா பாருங்க. நீங்க கெட்டிக்காரர், இன்னும் செய்யறீங்களாம்மான்னு கேட்டீங்க பாருங்க, அங்கதான் பிடிபட்டா. புதன்கிழமையானா செய்யறாளாம். நாலு இட்லி அளவு. "அவர் கேக்கலை, அதனால குடுக்கலை. சாயந்திரம் நானே சாப்பிட்டுடுவேன்"ங்கறா. கூச்சமே இல்லாம, முன்னப்பின்ன தெரியாத உங்ககிட்ட.

இன்னும் செய்யறா சார். நான் பேசலைன்னு தெரிஞ்சும் செய்யறா. நான் ஊரெல்லாம் சுத்திக் கண்ட சக்கரையைத் தின்னுட்டு வரேன், அங்க என் வீட்டு அடுப்படியில எனக்குன்னு செஞ்சு மூடி வச்சிருக்கா, ஒரு வார்த்தை சொல்லாம. இப்பத்தான், இதோ இந்த நிமிஷம், வேத்தாள் போன்ல எனக்குத் தெரிய வருது. இதுக்கு மேல ஒரு துரோகம் இருக்கா சார்? நீங்களே சொல்லுங்க, இருக்கா?

இல்ல, ஒண்ணுமில்ல, கண்ணுல தூசி. அந்தப் பையை இப்படி எடுங்க. உங்க கேக் வந்துடுச்சு பாருங்க, 'ழ' நல்லாத்தான் போட்டிருக்கார், போய் வாங்கிக்குங்க. இன்னிக்குப் புதன்கிழமைதானே? மணி மூணரைதானே ஆகுது? சாயந்திரத்துக்குள்ள பெரம்பூர் போயிடலாம், இப்பவே பஸ் கிடைச்சா.

எங்க போறேன்னு கேக்கறீங்க? வீட்டுக்குத்தான் சார். இதை இப்படியே விட்டா நான் ஆம்பளையா? இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன். கதவைத் திறந்ததும், அவ மூஞ்சியைப் பாத்து, நேருக்கு நேராக் கேட்டுடப் போறேன்.